கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்கு 'இன்ஸ்டால்' பட்டன்? தெரியாத ஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில பெரியப்பா மகன் நம்பர்ல இருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். 'எங்கள் இல்லத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வரவும்'னு ஒரு வரி. கீழே ஒரு ஃபைல். விரலை வைக்கப்போற நேரத்துலதான் உறைச்சது. அண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. வீட்டுல ரெண்டு வாண்டுகள், ஒண்ணு எல்.கே.ஜி. இதுல யாருக்குக் கல்யாணம்?

போன் பண்ணினேன். "நான் எதுவும் அனுப்பலையே! காலையில இருந்து என் வாட்ஸ்அப்பே லாக்அவுட் ஆகியிருக்கு. நேத்து எனக்கும் இதே மாதிரி ஒரு பத்திரிகை வந்துச்சு. தொட்டேன், ஏதோ கேட்டுச்சு, ஓகே ஓகேனு கொடுத்தேன். கடைசியில பத்திரிகையே ஓபன் ஆகலை. சரினு விட்டுட்டேன்" என்றார்.

உண்மையில அது நல்லாவே ஓபன் ஆகியிருந்தது. மதியத்துக்குள்ள அவர் சேமிப்புக் கணக்குல இருந்து 38,000 ரூபாய் காலி. பசங்க ஸ்கூல் ஃபீஸுக்காக எடுத்து வெச்சிருந்த பணம்.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத சலான், கரன்ட் பில் பாக்கி, வங்கி கே.ஒய்.சி அப்டேட்னு விதவிதமான பேர்ல இந்த மோசடி நாடு முழுக்க நடந்துட்டு இருக்கு. அதுக்காக, தெரியாத ஃபைல் வந்தாலே அலறி அழிச்சிடவும் முடியாது. வேலைக்கான ஆஃபர் லெட்டர், காலேஜ் நோட்ஸ், ஐபோன் வெச்சிருக்கிற ஃப்ரெண்ட் அனுப்புற போட்டோனு தினம் ஏதோ ஒரு புது வகை ஃபைல் வந்துட்டேதான் இருக்கும். எதைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது, எங்க வெச்சுத் திறக்கணும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கு?

ஒவ்வொரு ஃபைல் பேருக்கும் ஒரு வால் உண்டு. பேர்ல கடைசியா வர்ற புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எழுத்துகள். பிடிஎஃப், ஜேபிஜி, எம்பி4 எல்லாம் அப்படிப்பட்ட வால்கள்தான். இதைத்தான் 'எக்ஸ்டென்ஷன்'னு சொல்றோம். இந்த ஃபைலை எந்த ஆப் திறக்கணும்னு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சொல்ற அடையாள அட்டை அது.

இங்க 'கடைசி'ங்கிற வார்த்தை ரொம்ப முக்கியம். 'அழைப்பிதழ்.பிடிஎஃப்.ஏபிகே'னு ஒரு பேர் வந்தா, அது பிடிஎஃப் கிடையாது, ஏபிகே. நடுவுல இருக்கிற பிடிஎஃப் உங்க கண்ணை ஏமாத்த வெச்சது. போன் ஸ்கிரீன்ல நீளமான பேர் முழுசா தெரியாது. அதனால நடுப்பகுதி மட்டும் கண்ணுல பட்டு, வால் மறைஞ்சுபோக வாய்ப்பிருக்கு.

இது பழைய ட்ரிக். 2000-ம் வருஷம் மே மாசம் உலகத்தையே ஆட்டிவெச்ச 'ஐ லவ் யூ' வைரஸ் இதே வேலையைத்தான் செஞ்சது. மெயில்ல ஒரு லவ் லெட்டர். பேர்ல டிஎக்ஸ்டி, அதுக்கு அப்புறம் விபிஎஸ். விண்டோஸ், தனக்குத் தெரிஞ்ச வால்களை வழக்கமா மறைச்சுதான் காட்டும். அதனால ஜனங்க கண்ணுக்கு அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாத்தான் தெரிஞ்சது. உள்ளே இருந்தது ஓடக்கூடிய புரோகிராம். கிளிக் பண்ணினவங்களோட அட்ரஸ் புக்ல இருந்த எல்லாருக்கும் அது தன்னையே அனுப்பிக்கிச்சு. அன்னிக்கு லவ் லெட்டர், இன்னிக்குக் கல்யாணப் பத்திரிகை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால முதல் வேலையா ரெண்டு விஷயம் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல டாக்குமென்ட் வந்தா, தொடுறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கிற ஃபைல் வகையைப் படிங்க. லேப்டாப் வெச்சிருந்தா, விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல 'வியூ' மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லி டிக் பண்ணிடுங்க. ஒரு தடவை செஞ்சா போதும்.

பேரை மாத்தினா ஆள் மாறுமா?

அரசு வேலைக்கு அப்ளை பண்ற பலர் மாட்டிக்கிற இடம் இது. ஐபோன்ல எடுத்த போட்டோவை அப்லோடு பண்ணினா, 'ஜேபிஜி மட்டும்'னு வெப்சைட் அடம்பிடிக்கும். சரினு ஃபைல் பேர்ல இருக்கிற ஹெச்இஐசி-ஐ அழிச்சிட்டு ஜேபிஜி-னு டைப் பண்ணி மறுபடி அனுப்புவோம். அப்பவும் எரர்தான் வரும்.

காரணம், வால் வெறும் பேர்ப் பலகை. கடையோட போர்டை மாத்தினா உள்ளே இருக்கிற சரக்கு மாறாது இல்லையா? ஃபைலோட உண்மையான அடையாளம் அதோட ஆரம்பத்துல இருக்கும். எந்த பிடிஎஃப் ஃபைலா இருந்தாலும், உள்ளே ஒரு சதவிகிதக் குறியும் 'பிடிஎஃப்'ங்கிற எழுத்துகளும்தான் ஆரம்பத்துல வரும். ஜிப் ஃபைல்னா 'பிகே'னு ஆரம்பிக்கும். அந்த ஃபார்மட்டை உருவாக்கின ஃபில் காட்ஸோட இனிஷியல் அது. வேர்டு டாக்குமென்ட், எக்ஸெல் ஷீட், ஆண்ட்ராய்டு ஏபிகே மூணும் அடிப்படையில ஜிப் பொட்டலங்கள்தான். அதனால அதுங்களும் அதே 'பிகே'வோடதான் ஆரம்பிக்கும்.

ஆக, ஃபைலை மாத்தணும்னா கன்வர்ட் பண்ணணும். பேரை மாத்துறது கன்வர்ட் ஆகாது. ஐபோன் வெச்சிருக்கிறவங்க செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'னு மாத்திட்டா, அதுக்கு அப்புறம் எடுக்கிற போட்டோ எல்லாம் ஜேபிஜி-யாவே சேவ் ஆகும். அப்ளிகேஷன் சீசன்ல இதை முன்னாடியே செஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

ஏபிகே உள்ளே வந்து என்ன செய்யும்?

ஏபிகே-னா ஆண்ட்ராய்டு ஆப்போட இன்ஸ்டால் பொட்டலம். ப்ளே ஸ்டோர்ல இருந்து ஆப் இறக்கும்போது பின்னாடி நடக்கிறதும் இதுதான். ஆனா, அங்க கூகுள் ஒரு தடவை சோதிச்சுட்டு அனுப்புது. வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே-வை யாரும் சோதிச்சிருக்க மாட்டாங்க.

ஒரு ஆறுதலான விஷயம், ஏபிகே டவுன்லோடு ஆனதாலேயே ஓடிடாது. நாம இன்ஸ்டால் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி போன் நம்மளைப் பலமுறை தடுக்கும். 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து, 'இந்த ஆப் மூலமா வெளி ஆப்களை இன்ஸ்டால் பண்ண அனுமதிக்கட்டுமா?'னு ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா கேட்கும். அடுத்து 'ப்ளே ப்ரொடெக்ட்' எச்சரிக்கலாம். ஆண்ட்ராய்டு 13-ல இருந்து, இப்படி வெளியே இருந்து வந்த ஆப்புக்கு 'அக்ஸஸிபிலிட்டி' மாதிரியான பவர்ஃபுல் அனுமதிகளைச் சுலபமா கொடுக்க முடியாதபடி தடுப்பு போட்டிருக்காங்க. இத்தனை கேட்டையும் திறந்துவிடுறது நம்ம 'ஓகே'தான்.

உள்ளே வந்ததும் அது கேட்கிற முதல் அனுமதி பெரும்பாலும் எஸ்எம்எஸ். அதைக் கொடுத்துட்டா உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாமே அவங்களுக்கும் போகும். அதை வெச்சு உங்க வாட்ஸ்அப்பை இன்னொரு போன்ல ஆக்டிவேட் பண்ணலாம். கான்டாக்ட் அனுமதி கொடுத்திருந்தா, அடுத்து யாருக்கு வலை வீசணும்ங்கிற லிஸ்ட்டும் ரெடி. அக்ஸஸிபிலிட்டி கொடுத்துட்டா, ஸ்கிரீன்ல என்ன இருக்குனு படிக்கவும், உங்களுக்குப் பதிலா பட்டன் அமுக்கவும்கூட முடியும். ஐகானை மறைச்சுக்கிற ஆப்களும் உண்டு. 'ஒண்ணுமே ஓபன் ஆகலை'னு அண்ணன் நினைச்சது இதனாலதான்.

ஒரே ஒரு கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க. பத்திரிகையோ, பில்லோ, சலானோ, எல்லாமே படிக்கிற சமாச்சாரம். படிக்கிற சமாச்சாரம் எதுக்கு 'இன்ஸ்டால்' பண்ணவானு கேட்கணும்? அந்த வார்த்தை ஸ்கிரீன்ல வந்த உடனே பின்வாங்கிடுங்க.

ஐபோன்ல ஏபிகே ஓடாது. அதுக்காக மெத்தனமா இருக்க வேண்டாம். 'ப்ரொஃபைல்' இன்ஸ்டால் பண்ணச் சொல்லி வர்ற ஃபைல்களும், போலி லாகின் பக்கங்களும் அங்கேயும் வரும்.

லேப்டாப்ல கவனிக்க வேண்டிய வால்கள்

இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே: இதெல்லாம் ஓடக்கூடியது அல்லது ஓடவைக்கக்கூடியது. ரெஸ்யூமே, பில், மார்க்‌ஷீட் எதுவும் இந்த வாலோட வராது. வந்தா திறக்கவே வேண்டாம்.

டிஓசிஎம், எக்ஸ்எல்எஸ்எம்: கடைசியில இருக்கிற 'எம்'முக்கு அர்த்தம் மேக்ரோ. வேர்டு, எக்ஸெலுக்கு உள்ளேயே ஒளிஞ்சிருக்கிற குட்டி புரோகிராம். ரொம்ப காலமா இதை வெச்சே பலரை ஏமாத்தினாங்க. 2022-ல மைக்ரோசாஃப்ட், இணையத்துல இருந்து வர்ற மேக்ரோக்களைத் தானாவே தடுக்க ஆரம்பிச்சது. 'எனேபிள் கன்டென்ட்' கொடுங்கனு டாக்குமென்ட்டே உங்களைக் கெஞ்சினா, கொடுக்காதீங்க.

ஹெச்டிஎம்எல்: மெயில் அட்டாச்மென்ட்டா வர்ற இதைத் திறந்தா பிரவுசர்ல ஒரு லாகின் பக்கம் வரும். அச்சு அசலா உங்க மெயில் பக்கம் மாதிரியே இருக்கும். அட்ரஸ் பார்ல வெப்சைட் பேருக்குப் பதிலா உங்க கம்ப்யூட்டர் ஃபோல்டர் பேர் இருந்தா, பாஸ்வேர்டு போட்டுடாதீங்க.

பாஸ்வேர்டு போட்ட ஜிப்: மெயில்லயே ஜிப் ஃபைலையும் அனுப்பி, அதே மெயில்ல பாஸ்வேர்டையும் கொடுத்தா சந்தேகப்படணும். பூட்டின பொட்டலத்துக்குள்ள ஆன்டிவைரஸால எட்டிப்பார்க்க முடியாது. அதுக்காகத்தான் அந்தப் பூட்டே. ஆனா, பாஸ்வேர்டு போட்ட எல்லாமே மோசடினு நினைச்சிடாதீங்க. டவுன்லோடு பண்ணின ஆதார் பிடிஎஃப்கூட பாஸ்வேர்டு கேட்கும். உங்க பேரோட முதல் 4 ஆங்கில எழுத்துகள் கேப்பிட்டல்ல, கூடவே பிறந்த வருஷம். மொத்தம் 8 எழுத்து. நீங்களே போய் எடுத்த ஃபைலுக்கும், கேட்காமலே வந்த ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்க.

பாவம், இவங்க நல்லவங்க

பேர் புதுசா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக நாம பயப்படுற சில ஃபைல்களும் இருக்கு.

வெப்பி: 2010-ல கூகுள் கொண்டுவந்த போட்டோ ஃபார்மட். இன்னிக்கு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கூட இதுதான். கேலரி, பிரவுசர் ரெண்டுலயும் திறக்கும்.

ஆர்ஏஆர், 7இசட்: ஜிப் மாதிரி பொட்டலங்கள். லேப்டாப்ல இலவசமா கிடைக்கிற 7-ஜிப் போதும். பொட்டலம் நல்லதுதான், உள்ளே இருக்கிறது எப்படினு தெரியாது. அதனால பிரிச்சதும் ஒவ்வொரு ஃபைலோட வாலையும் பார்த்துட்டுதான் திறக்கணும்.

எம்கேவி: வீடியோ. படம் வருது, சத்தம் வரலைன்னா ஃபைல் கெட்டுப்போகலை. அந்த ஆடியோ வகை உங்க பிளேயருக்குத் தெரியலை. விஎல்சி-ல போட்டுப் பாருங்க. 'கோடெக் ஆப் டவுன்லோடு பண்ணுங்க'னு ஏதாவது வெப்சைட் சொன்னா மட்டும் கேட்காதீங்க.

சிஎஸ்வி: காற்புள்ளியால பிரிச்ச சாதாரண டெக்ஸ்ட் அட்டவணை. கூகுள் ஷீட்ஸ்ல திறக்கும். இதுல ஒரு உள்குத்து இருக்கு. எக்ஸெல் ஒரு எண்ல 15 இலக்கத்தைத்தான் சரியா வெச்சுக்கும். அதுக்கு மேல இருக்கிறதைப் பூஜ்ஜியம் ஆக்கிடும், முன்னாடி இருக்கிற பூஜ்ஜியங்களையும் தூக்கிடும். நீளமான அக்கவுன்ட் நம்பர் இருக்கிற ஃபைலைத் திறந்து, அப்படியே சேவ் கொடுத்துட்டா நம்பரே மாறிப்போயிடும். பார்த்துட்டு சேவ் பண்ணாம மூடிடுங்க.

சிடிஆர், பிஎஸ்டி: பிரின்டிங் பிரஸ், ஃப்ளெக்ஸ் கடைக்காரங்க அனுப்புற டிசைன் ஃபைல். நிஜமான கல்யாணப் பத்திரிகை இந்த ரூபத்துல வரலாம். உங்ககிட்ட கோரல்டிரா இல்லைன்னா திண்டாட வேண்டாம். "அண்ணே, பிடிஎஃப்பா போட்டு அனுப்புங்க"னு சொன்னா ஒரு நிமிஷ வேலை.

தமிழ் ஃபைலைத் திறந்தா ஆங்கில எழுத்தும் குறியீடுமா குழம்பிக் கிடக்கா? அது வைரஸ் கிடையாது. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின ஃபைல். அந்த ஃபான்ட்டைப் போட்டா தெரியும். இல்லைன்னா யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர்ல போட்டா தமிழ் திரும்பி வந்துடும்.

சரி, எங்க வெச்சுத் திறக்கலாம்?

முதல்ல, அனுப்பினவருக்கு ஒரு போன் போடுங்க. மெசேஜ்ல கேட்காதீங்க, அவர் அக்கவுன்ட்டே வேற யார் கையிலயாவது இருக்கலாம். 'ஆமா, நான்தான் அனுப்பினேன்'னு பதில் சொல்றது அவராவே இருக்காது.

அடுத்து, டாக்குமென்ட் வகைகளை கூகுள் டிரைவ்ல ஏத்தி பிரிவியூ பாருங்க. உங்க போன்ல எதுவும் ஓடாம, உள்ளே என்ன இருக்குனு பார்த்துடலாம்.

இன்னும் சந்தேகமா? 'வைரஸ்டோட்டல்' வெப்சைட்ல ஃபைலைக் கொடுத்தா, பல டஜன் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்துல சோதிச்சு ரிசல்ட் சொல்லும். 2012-ல இருந்து இது கூகுள்கிட்ட இருக்கு. ஆனா, அங்க ஏத்துற ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோட பகிரப்படும். அதனால ஆதார், மார்க்‌ஷீட், சேலரி ஸ்லிப் எதையும் அங்க போடக் கூடாது. எல்லா ஆன்டிவைரஸும் 'நல்லது'னு சொல்லிட்டாலும் அது நூறு சதவிகித உத்தரவாதம் ஆகாது. நேத்து ராத்திரி உருவாக்கின வைரஸ் இன்னும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இதே ஜாக்கிரதை ஆன்லைன் கன்வர்ட்டருக்கும் பொருந்தும். மீமை மாத்துறதுக்கு ஓகே. அடையாள அட்டையை முகம் தெரியாத ஒரு சர்வர்ல ஏத்துறதுக்கு முன்னாடி, போன்லயே அதைச் செய்ய வழி இருக்கானு பாருங்க.

அப்புறம், அப்டேட். போட்டோதானே, என்ன ஆகிடப்போகுதுனு நினைப்போம். 2023 செப்டம்பர்ல, வெப்பி போட்டோக்களைத் திறக்கிற மென்பொருள் பகுதியிலயே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சு, கூகுளும் மொஸில்லாவும் அவசரமா அப்டேட் விட்டாங்க. அதே வருஷம் வின்ரார்லயும் ஒரு ஓட்டை. பொட்டலத்துக்குள்ள இருக்கிற சாதாரண ஃபைலைத் தொட்டாலே வேற ஏதோ ஓடுற அளவுக்கு. 6.23 வெர்ஷன்ல அதை அடைச்சாங்க. 'அப்டேட் லேட்டர்'னு தள்ளிப்போடுற ஒவ்வொரு நாளும் இந்த மாதிரி ஓட்டைகள் உங்க போன்ல திறந்தே கிடக்குனு அர்த்தம்.

தொட்டாச்சு... இப்போ என்ன?

பதற்றப்படாம, இந்த வரிசையில செய்யுங்க.

1. போன்ல நெட்டை ஆஃப் பண்ணுங்க. ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் ஆஃப் ஆகியிருக்கானு பாருங்க.

2. வேற ஒரு போன்ல இருந்து வங்கிக்குப் பேசி நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூணையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க.

3. பணம் போயிருந்தா உடனே 1930-க்கு அழையுங்க. சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குப் போறதுக்குள்ள முடக்கிவைக்கிற வாய்ப்பு அவ்வளவு அதிகம். மத்திய உள்துறை அமைச்சகத்தோட தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துலயும் புகாரைப் பதிவு பண்ணலாம்.

4. அந்த மெசேஜையும் ஃபைலையும் அவமானப்பட்டு அழிச்சிடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைங்க, அதுதான் ஆதாரம்.

5. செட்டிங்ஸ்ல ஆப் லிஸ்ட்டைத் திறந்து, சந்தேகமான ஆப்பை நீக்குங்க. நீக்க முடியலைன்னா அக்ஸஸிபிலிட்டி, 'டிவைஸ் அட்மின்' ரெண்டுலயும் அதோட அனுமதியை எடுத்துட்டு முயற்சி பண்ணுங்க. கால் ஃபார்வர்டிங்ல தெரியாத நம்பர் இருக்கானும் பாருங்க. எதுவுமே வேலைக்கு ஆகலைன்னா ஃபேக்டரி ரீசெட்தான்.

6. வேற கருவியில இருந்து பாஸ்வேர்டுகளை மாத்துங்க. வாட்ஸ்அப்பை மீட்டதும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. உங்க பேர்ல ஃபைல் வந்தா திறக்க வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க.

வங்கிக்குச் சொல்றதுல ஏன் இவ்வளவு அவசரம்? 2017-ல ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரோட கவனக்குறைவால நடந்த மோசடியா இருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவிச்சதுக்கு அப்புறம் ஏற்படுற இழப்பை வங்கிதான் ஏத்துக்கணும்னு சொல்லுச்சு. சொல்றதுக்கு முன்னாடி போறது நம்ம தலையில விழும். அதனால புகார் பண்ணின நேரத்தையும், புகார் எண்ணையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

அண்ணன் விஷயத்துல, பணம் போனதைப் பார்த்துட்டு அவர் முதல்ல போன் பண்ணினது வங்கிக்கு இல்லை. அண்ணிக்குத் தெரியக் கூடாதுனு மூணு மணி நேரம் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கார். "படிச்சவன் நான், இதுல போய் ஏமாந்தேன்னு எப்படிடா சொல்றது?"னு கேட்டார். அந்த மூணு மணி நேரத்துலதான் ரெண்டாவது தவணையும் போச்சு. கடைசியில புகார் கொடுத்தோம், கொஞ்சம் பணம் முடக்கப்பட்டிருக்குனு தகவல் வந்தது. மிச்சத்துக்கு இன்னும் அலைஞ்சுட்டு இருக்கார்.

இன்னிக்கு ராத்திரி உங்க அம்மா, அப்பா போனை ரெண்டு நிமிஷம் வாங்குங்க. செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் எல்லாத்துக்கும் அனுமதியை ஆஃப் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல டாக்குமென்ட் தானா டவுன்லோடு ஆகுறதையும் நிறுத்துங்க. அப்படியே, "தப்பா ஏதாவது தொட்டுட்டா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, திட்ட மாட்டேன்"னு ஒரு வார்த்தையும் சொல்லிவைங்க. செட்டிங்ஸை விட அந்த வார்த்தைதான் அவங்களைச் சீக்கிரம் பேசவைக்கும்.